களஞ்சியம் வீடாகிய வரலாறு

கட்டடங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைக் கட்டுவித்தோரின் பெயரோடு தொடங்கி, நீள அகலங்களோடு முடித்துவிடுவர். கல்லைச் சுமந்தவன் யார், அக்கட்டடத்தினுள் நாள் முழுவதும் நின்று உழைத்தவன் யார், மாலையில் அவன் எங்கே சென்று தலைசாய்த்தான் என்னும் வினாக்கள் எழுவதில்லை. அரண்மனைகளையும் தேவாலயங்களையும் பற்றி இவ்வாறு எழுதப்படுவது வியப்பன்று. ஆயின், உழவுத் தொழிலுக்கென்றே எழுந்த கட்டடங்களைப் பற்றியும் இவ்வாறே எழுதப்படும்போது, உழைப்பாளி தன் சொந்தக் களத்திலிருந்தே வெளியேற்றப்படுகிறான் எனல் வேண்டும்.

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்திலுள்ள பழைய களஞ்சியங்கள் இதற்குத் தக்க சான்றாகும். வீட்டு அலங்காரத்தைப் பொருளாகக் கொண்ட சஞ்சிகைகளில் அவற்றின் வண்ணப் படங்களை நாம் காண்கிறோம். முன்னொரு காலத்தில் பார வண்டிகள் நுழைந்த பெருவாயிலில் இன்று நிலத்திலிருந்து கூரைவரை கண்ணாடி எழுந்து நிற்கிறது. கருத்துப்போன ஓக் மர உத்தரங்களின் கீழே மெத்தை ஆசனங்களும் நவீன சமையலறையும் காட்சியளிக்கின்றன. படத்தின் கீழுள்ள குறிப்பு கட்டடத்தின் வயதைக் கூறும். மாற்றியமைத்த கட்டடக் கலைஞரைப் புகழும். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அங்கு நடந்தது என்ன என்பதைக் கூறாது. அதனை ஓரளவு கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலேயர் 'பார்ன்' என வழங்கும் கட்டடத்தைக் களஞ்சியம் என நாம் மொழிபெயர்த்துக் கொள்கிறோம். அம்மொழிபெயர்ப்பு பாதி உண்மையே. அறுத்த கதிரைச் சூடு வைத்து, வெட்டவெளிக் களத்தில் மாடு விட்டு மிதித்து, காற்றிலே தூற்றி, நெல்லை மட்டும் களஞ்சியத்திற் சேர்ப்பது நம்மவர் வழக்கம். மழையும் பனியும் மிகுந்த இங்கிலாந்தில் அது இயலாது. ஆகவே அங்கே கோதுமையையும் பார்லியையும் தாளோடு கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து, கூரையின் கீழ் அடுக்கி வைத்து, குளிர்காலம் முழுவதும் சிறிது சிறிதாக உள்ளேயே அடித்தெடுத்தனர். சூட்டையும் களத்தையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்த கட்டடமே பார்ன் ஆகும். அடித்தெடுத்த தானியம் பெரும்பாலும் வேறோரிடத்திலேயே பாதுகாக்கப்பட்டது. எனினும் வேறு சொல் இன்மையால் களஞ்சியம் என்றே ஈண்டு வழங்குவோம்.

அதன் அமைப்பு முழுவதும் இத்தொழிலிலிருந்தே பிறந்தது. கட்டடத்தின் நடுவே சூடடிக்கும் தளம். அதன் இரு பக்கங்களிலும் கதிர்க்கட்டுகளை அடுக்கும் இடங்கள். தளத்தின் இரு முனைகளிலும் ஒன்றையொன்று நோக்கிய பெருங் கதவுகள். பாரமேற்றிய வண்டி ஒரு கதவால் நுழைந்து, இறக்கியபின் மறு கதவால் வெளியேறும். தூற்றும் வேளையில் இரு கதவுகளையும் திறந்துவிட்டால் குறுக்கே வீசும் காற்று பதரை அடித்துச் செல்லும். சுவர்களில் யன்னல்கள் இல்லை. கதிர் புழுங்காது காற்றோட்டம் பெறும் பொருட்டுக் குறுகிய பிளவுகள் மட்டுமே உண்டு. இன்று கண்ணாடி பதித்து அழகு பார்க்கப்படும் பெருவாயில், அழகுக்காக எழுந்ததன்று என்பது கவனிக்கற்பாலது.

இத்தகைய களஞ்சியங்களுள் தலைசிறந்தவை நிலப்பிரபுத்துவ காலத்துக்குரியவை. எசெக்ஸ் மாநிலத்தில் கிறெசிங் ரெம்பிள் என்னுமிடத்திலுள்ள இரு மரக் களஞ்சியங்கள் 13 ஆம் நூற்றாண்டிலே 'ரெம்ப்ளர்' எனப்பட்ட சமயப் போர்வீரர் சங்கத்தினரால் எழுப்பப்பட்டவை. இன்று ஒக்ஸ்போட்ஷயரிலுள்ள கிறேற் கொக்ஸ்வெல் களஞ்சியம் சிஸ்ரேசியன் துறவிகளின் பியூலி மடத்துக்குரியதாய் இருந்தது. 1292 ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்ட மரங்களால் அதன் கூரை அமைந்ததென மரவளையங்களைக் கொண்டு ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். ஏறத்தாழ 152 அடி நீளமும் 44 அடி அகலமும் 48 அடி உயரமும் கொண்டது அது. துறவு பூண்டோருக்கு இத்துணைப் பெரிய களஞ்சியம் எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே. மடங்கள் அக்காலத்தில் பெரும் நிலவுடைமையாளராய் விளங்கின என்பதே விடையாகும். இவற்றுக்குப் புறம்பாக, விளைச்சலிற் பத்தில் ஒன்றைத் திருச்சபைக்குச் செலுத்தும் தசமபாக முறையும் நிலவியது. அவ்வரியைத் தானியமாகவே பெற்று வைப்பதற்கெனத் தனிக் களஞ்சியங்களும் எழுந்தன. 1836 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பணவரியாக மாற்றும்வரை, உழவன் தன் பத்தாவது கட்டைத் தன் கண்முன்னே வண்டியேற்றி அனுப்ப வேண்டியிருந்தது.

மக்கள் இதனை எப்போதும் பொறுத்திருந்தனர் எனக் கொள்ளலாகாது. 1381 இல், தலைவரியை எதிர்த்து எசெக்ஸ், கென்ற் மாநிலங்களில் உழவர் கிளர்ந்தெழுந்தபோது, அவர்கள் முதலில் தாக்கிய இடங்களுள் கிறெசிங் ரெம்பிளும் ஒன்று. ரெம்ப்ளர் சங்கம் கலைக்கப்பட்டபின் அது ஹொஸ்பிற்றலர் சங்கத்தின் கைக்கு வந்திருந்தது. அச்சங்கத்தின் தலைவரே நாட்டின் பொருளாளராயும் இருந்தார். வரி விதித்தவனும் நிலத்துக்கு உரியவனும் ஒருவனே என்பதை எழுத்தறியா உழவர் நன்கு அறிந்திருந்தனர். மாளிகை சூறையாடப்பட்டது. பொருளாளர் இலண்டனிலே சிரச்சேதம் செய்யப்பட்டார். களஞ்சியங்கள் இரண்டும் இன்றும் நிற்கின்றன.

கிறேற் கொக்ஸ்வெல்லுக்கு அண்மையிலுள்ள கெல்ம்ஸ்கொற் கிராமத்தில் 1871 முதல் வாழ்ந்தவர் வில்லியம் மொறிஸ். கவிஞரும் கைவினைஞருமாகிய அவர், தம் விருந்தினரை அக்களஞ்சியத்துக்கு அழைத்துச் சென்று காட்டுவதில் மகிழ்ந்தார். பேராலயத்துக்கு நிகரான பெருமை அதற்கு உண்டெனப் போற்றினார். 1877 இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கத்தைத் தோற்றுவித்த அவரே, 1884 இல் சோசலிசக் கழகத்தை நிறுவியோருள்ளும் முன்னின்றார். இவ்விரு பணிகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை எனச் சிலர் கருதுவர். நம் கருத்து அதுவன்று. பழைய கட்டடத்தில் மொறிஸ் கண்டது பெயரறியாத தச்சரதும் கொத்தரதும் கைத்திறன். அத்திறனைக் கொன்றொழித்த சமூக அமைப்பை மாற்றாது கட்டடத்தை மட்டும் காப்பது போதாதென அவர் உணர்ந்தார். அவருடைய அழகுணர்ச்சியே அவரைச் சோசலிசத்துக்கு இட்டுச் சென்றது எனலாம்.

மடங்கள் 16 ஆம் நூற்றாண்டிலே கலைக்கப்பட்டன. களஞ்சியங்கள் புதிய நிலவுடைமையாளரின் கைக்கு மாறின. 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் நிறைவேற்றிய 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் சுமார் 68 இலட்சம் ஏக்கர் நிலத்தை வேலியடைத்துத் தனியுடைமை ஆக்கின. பொது நிலத்தில் மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் ஓரளவேனும் சொந்தக் காலில் நின்ற குடியானவன், கூலியன்றி வேறு கதியற்றவனானான். அவ்வாறு கூலியாளானவனுக்குக் களஞ்சியம் புதியதொரு பொருளைப் பெற்றது. வயலில் வேலையற்ற குளிர்கால மாதங்களில் அவனுக்கு உணவளித்தது சூடடித் தொழிலே. தோல்வாரினாற் பிணைத்த இரட்டைத் தடியை ஓங்கி, இருவர் எதிரெதிரே நின்று, மாறி மாறிக் கதிரை அடிப்பர். தூசி நெஞ்சை அடைக்கும், தோள் மரத்துப்போகும். ஆயினும் அவ்வேலை இருந்தவரை அடுப்பு எரிந்தது.

1780களில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த அன்றூ மெய்க்கிள் சூடடிக்கும் இயந்திரமொன்றை வெற்றிகரமாக அமைத்தார். நெப்போலியனோடு நடந்த போர்க் காலத்தில் ஆட்பற்றாக்குறை காரணமாக அது பரவலாயிற்று. 1815 இல் போர் முடிந்தது. படையிலிருந்து திரும்பியோர் வேலை தேடி அலைந்தனர். ஆள் மலிந்தபின்னும் இயந்திரம் நின்றபாடில்லை. களஞ்சியக் கதவு உழைப்பாளிக்கு மூடப்பட்டது. குளிர்காலத்தில் ஊர்ச்சபை அளித்த பிச்சைக் காசே அவனுக்கு எஞ்சியது.

1830 ஓகஸ்ட் மாத இறுதியில் கென்ற் மாநிலத்தில் முதல் இயந்திரம் உடைத்து நொறுக்கப்பட்டது. சில வாரங்களில் தென் இங்கிலாந்து முழுவதும் அக்கிளர்ச்சி பரவிற்று. 'கப்ரின் சுவிங்' என்னும் கற்பனைத் தலைவனின் பெயரில் நிலவுடைமையாளருக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் சென்றன. வைக்கோற் போர்களும் களஞ்சியங்களும் தீக்கிரையாயின. கிளர்ச்சியாளர் கேட்டவை மிகச் சிலவே: நாளொன்றுக்கு இரண்டு அல்லது இரண்டரை ஷில்லிங் கூலி, குளிர்காலத்தில் வேலை, இயந்திரத்தின் ஒழிப்பு. எதிர்த் தரப்பாரில் ஒருவரையேனும் அவர்கள் கொல்லவில்லை. அரசு அளித்த மறுமொழியோ வேறு விதமானது. எரிக் ஹொப்ஸ்பாமும் ஜோர்ஜ் றூடேயும் 1969 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1,976 பேர் விசாரிக்கப்பட்டனர். 252 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, அவர்களுள் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். 481 பேர் அவுஸ்திரேலியக் குடியேற்றங்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர். தூக்கிலிடப்பட்டோருள் மூவர் தவிர ஏனையோர் தீவைத்த குற்றத்துக்காகவே உயிரிழந்தனர். ஒரு களஞ்சியத்துக்கும் வைக்கோற் போருக்கும் ஆளும் வர்க்கம் மதித்த விலை மனித உயிரினும் மேம்பட்டதாயிற்று.

இயந்திரத்தை உடைத்தோர் முன்னேற்றத்தின் பகைவர் என்று வாளாது கூறிவிடுதல் எளிது. அவர்கள் எதிர்த்தது இயந்திரத்தின் பல்லையும் சக்கரத்தையும் அல்ல. அதன் பயன் முழுவதும் ஒரு சாராரைச் சேர, அதன் பாரம் முழுவதும் தம்மைச் சேர்ந்த நிலையையே எதிர்த்தனர். கைத்தொழிற் புரட்சியைக் கற்பிக்கையில் நாமும் நம் மாணவரும் கண்டுபிடிப்பாளரின் பெயர்களை ஒப்புவிக்கிறோம். மெய்க்கிளின் பெயரை அறிந்த மாணவன் சுவிங்கின் பெயரையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி, தானியத்துக்கு இத்துணைச் சிறப்பான வீட்டை அமைத்த சமூகம், அதனை விளைவித்தவனுக்கு எத்தகைய வீட்டை அளித்தது என நோக்குவோம். கார்ல் மார்க்ஸ் மூலதனத்தின் முதற் பாகத்தில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். அவர் ஆதாரமாகக் கொண்டது அரசாங்கத்தின் சுகாதார அறிக்கையையே. அவ்வறிக்கைக்காக வைத்தியர் ஹன்ரர் 1860களின் நடுப்பகுதியில் விவசாயத் தொழிலாளரின் குடிசைகள் 5,375 ஐப் பரிசோதித்தார். ஏழைகளைப் பராமரிக்கும் வரி தம்மேல் விழாதிருக்கும் பொருட்டுப் பெரு நிலவுடைமையாளர் தம் கிராமங்களிலிருந்த குடிசைகளை இடித்துத் தள்ளினர். தொழிலாளர் பல மைல் தொலைவிலுள்ள நெருக்கமான ஊர்களில் ஒண்டி வாழ்ந்து, விடியுமுன் நடந்து வேலைக்கு வந்தனர். 821 ஊர்ப் பிரிவுகளில் 1851 முதல் 1861 வரை குடித்தொகை 5⅓ வீதத்தாற் பெருக, வீடுகள் 4½ வீதத்தாற் குறைந்தன. அதே பண்ணைகளில் களஞ்சியங்கள் செப்பனிடப்பட்டு உறுதியாக நின்றன. கதிர் நனைந்தால் நட்டம். தொழிலாளி நனைந்தால் நட்டமில்லை என்பதே அவ்வமைப்பின் கணக்கு.

குடிசை கிடைத்தவனுக்கும் அது நிலையானதன்று. வேலையோடு பிணைந்த வீடாதலின், வேலை போனால் வீடும் போயிற்று. 1834 இல் டோர்செற் மாநிலத்தின் ரொல்படில் கிராமத்துத் தொழிலாளர் அறுவர், கூலிக் குறைப்பை எதிர்த்துச் சங்கம் அமைக்க முனைந்தமைக்காக ஏழாண்டு நாடு கடத்தப்பட்டனர். 1872 இல் ஜோசப் ஆர்ச் விவசாயத் தொழிலாளரின் தேசிய சங்கத்தைக் கட்டியெழுப்பினார். வேலை போயினும் வீட்டில் தொடர்ந்து வாழும் உரிமையைத் தரும் சட்டம் 1976 ஆம் ஆண்டிலேதான் பிறந்தது. ஒரு நூற்றாண்டுப் போராட்டம் அதற்குத் தேவைப்பட்டது.

இதற்கிடையே களஞ்சியமும் தன் தொழிலை இழந்தது. 1870களிலிருந்து அமெரிக்கச் சமவெளிகளின் மலிவான கோதுமை புகைவண்டியிலும் நீராவிக் கப்பலிலும் வந்து குவியலாயிற்று. இரண்டாம் உலகப் போரின்பின் அறுவடையையும் சூடடித்தலையும் வயலிலேயே ஒருங்கு முடிக்கும் பெரும் இயந்திரம் எங்கும் பரவியது. அடிக்கக் கதிரும் இல்லை. அடுக்கத் தாளும் இல்லை. தானியம் உலோகக் கொள்கலங்களுக்குச் சென்றது. பழைய களஞ்சியத்தில் பழுதான கருவிகளும் ஆந்தைகளும் குடியேறின. கூரை ஒழுகியது, பல சரிந்து வீழ்ந்தன.

பயனற்றுப் போன அக்கட்டடம் திடீரெனப் பொன்னாக மாறியது எவ்வாறு? விடை 1947 ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டத்தில் உள்ளது. தொழிற்கட்சி அரசாங்கம் இயற்றிய அச்சட்டம், நிலத்தைத் தன் விருப்பப்படி கட்டடமாக்கும் உரிமையைத் தனியாரிடமிருந்து எடுத்துப் பொது அதிகாரத்தின் கையில் ஒப்படைத்தது. தெருவோரமெங்கும் வீடுகள் முளைத்து வயல்கள் அழிவதைத் தடுத்த நற்சட்டம் அது. ஆயினும் சொத்துடைமை அப்படியே இருக்க, அனுமதி மட்டும் அரிதானபோது, அனுமதி பெறத்தக்க பழஞ்சுவர் ஒவ்வொன்றும் விலையேறியது. திறந்த வயல்வெளியில் புதுவீடு கட்டுதல் ஏறத்தாழ இயலாத காரியம். அங்கே ஏற்கெனவே நிற்கும் களஞ்சியத்தை வீடாக மாற்றுதலோ இயலக் கூடியது. நகரத்திற் பொருளீட்டி நாட்டுப்புற அமைதியை நாடியோர் அதற்காகப் போட்டியிட்டனர். 1980களில் இது ஒரு பெருவழக்காயிற்று. அதே காலத்தில், 1980 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின்கீழ், தொழிலாளருக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்த உள்ளூராட்சி மன்ற வீடுகள் விற்கப்படலாயின. கிராமத்தின் எளிய வீடுகள் குறைந்துகொண்டே போக, கிராமத்தின் களஞ்சியங்கள் மாளிகைகளாயின.

மாற்றியமைக்கும் வேலையின் நுட்பங்களைப் பழிப்பது நம் கருத்தன்று. அது கடினமானதொரு கலை. களஞ்சியத்தின் பெருமை அதன் பிரிவற்ற உள்வெளியில் உண்டு. வீட்டுக்கோ அறைகள் வேண்டும். இடையே மாடித்தளம் புகுத்தினால் கூரையின் உயரம் மறைகிறது. சுவரெங்கும் யன்னல் வெட்டினால் களஞ்சியத்தின் முகமே அழிகிறது. ஆகவே தேர்ந்த கலைஞர் பெருவாயிலையும் காற்றுப் பிளவுகளையும் கொண்டே வெளிச்சத்தைப் பெற முயல்வர். பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பினது. அதன்மேற் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரையும் மரத்தையும் உளுக்கச் செய்யும். அத்திவாரம் ஆழமற்றதாதலின், தளத்தைத் தோண்டித் தாழ்த்துவதிலும் எச்சரிக்கை வேண்டும். கூரையில் வாழும் வௌவால்களுக்கும் ஆந்தைகளுக்கும் 1981 ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. அவற்றின் குடியிருப்பைக் கலைக்காதிருக்க ஆவன செய்த பின்னரே வேலையைத் தொடங்கலாம். வௌவாலின் குடியிருப்புக்குச் சட்டம் அளித்த காப்பு நன்றே. அக்கூரையின் கீழ் உழைத்தோரின் வழித்தோன்றல்களுக்கு அக்கிராமத்தில் இருக்கும் உரிமையை எச்சட்டம் காத்தது என்னும் வினாவும் உடன் எழுகிறது.

வீட்டுப் பற்றாக்குறையைக் காரணங் காட்டி, 2014 ஏப்ரல் முதல் விவசாயக் கட்டடங்களை முழுமையான திட்ட அனுமதியின்றியே குடியிருப்பாக்கும் வழி இங்கிலாந்தில் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஒரு பண்ணையில் மூன்று வீடுகள் வரை என்றிருந்த எல்லை, 2018 இல் ஐந்தாகவும் 2024 இல் பத்தாகவும் உயர்த்தப்பட்டது. பழங்களஞ்சியங்கள் மட்டுமன்றி, 20 ஆம் நூற்றாண்டின் இரும்புக் கொட்டில்களும் இதனுள் அடங்கின. வெறும் தூண்களை மட்டும் விட்டுவைத்து ஏனையவற்றைப் புதிதாகக் கட்டினால் அது மாற்றியமைத்தலா, மீளக் கட்டுதலா என்னும் வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. மீளக் கட்டுதலை இச்சலுகையின்கீழ்க் கொள்ளலாகாதென 2016 இல் தீர்ப்பாயிற்று. எவ்வளவு சுவர் எஞ்சினால் அது களஞ்சியம் என்பதைச் சட்டம் நுணுகி ஆராய்ந்தது. அதில் யார் வாழ்வர் என்பதை அது கேட்கவில்லை.

அவ்வினாவைக் கேட்டோரும் இல்லாமல் இல்லை. யோக்ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்குகளில், வைக்கோலும் மாடும் வைக்கவென எழுந்த கற்களஞ்சியங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. தெருவோரமாக அமைந்தவற்றை உள்ளூர்வாசிகளின் நிரந்தரக் குடியிருப்பாக்க அப்பூங்காவின் நிருவாகம் தன் திட்டத்தில் இடமளித்தது. உல்லாசப் பயணிகளின் தங்குமிடமாக்கவும் அதே திட்டம் இடமளித்தமையால் அது முழுத் தீர்வாகாது. எனினும், ஒரு கட்டடத்துக்கு அனுமதி அளிக்கையில் அதில் வாழப்போகிறவர் யார் என்பதையும் சமூகம் கேட்கலாம், கேட்டு நிபந்தனை விதிக்கலாம் என்பதற்கு அது சான்றாகும்.

பழைய கட்டடம் சரிந்து வீழ்வதிலும் வீடாகி நிலைப்பது மேல் என்பதில் ஐயமில்லை. கல்லும் மரமும் மனித உழைப்பின் சேமிப்பு. அவற்றை வீணாக்குதல் தகாது. ஆனால் வரலாற்றை நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு தென்படுகிறது. களஞ்சியம் தானியத்தின் வீடாக இருந்தபோது உழைப்பாளி அதனுள்ளே வேலை செய்தான், அங்கு வாழவில்லை. இயந்திரம் வந்தபோது அவன் வேலையும் போயிற்று. களஞ்சியம் மனிதனின் வீடாகும் காலம் வந்தபோது, அதன் விலை அவன் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்டது. கட்டடத்தின் பயன் மும்முறை மாறியும், அதற்கும் அவனுக்கும் இடையே இருந்த உறவு மாறவில்லை. கட்டடத்தை மாற்றுதல் தச்சனாலும் கொத்தனாலும் இயலும். இவ்வுறவை மாற்றுவதற்கு வேறு கரங்கள் வேண்டும்.

ஆகவே, அவ்வண்ணப் படங்களை நம் மாணவர் காணும்போது, உத்தரத்தின் அழகைச் சுட்டிக் காட்டுவோம். அதைச் செதுக்கிய தச்சனின் திறமையை மெச்சுவோம். அதனோடு, கண்ணாடி பதித்த அப்பெருவாயிலைக் காட்டி, இங்கே இருவர் எதிரெதிரே நின்று இரட்டைத் தடியோங்கிச் சூடடித்தனர் என்பதையும் சொல்வோம். அவ்வேலை பறிபோனமைக்காகக் கப்பலேறியோர் எத்தனை பேர் என்பதையும் சொல்வோம். கட்டடங்களைப் பார்த்தவுடன் அவற்றிலே உழைத்தோர் எங்கே வாழ்ந்தனர் என்று கேட்கும் பழக்கம் நம் மாணவருக்கு வாய்க்குமாயின், வரலாறு கற்பித்ததன் பயன் அதுவேயாகும்.